தொழுநோய் மருத்துவமனையிலிருந்து முகப்பூச்சுக் குப்பிக்கு: வல்லாரைச் சாற்றின் வரலாறு

தற்காலத் தோல் பராமரிப்புப் பொருள்களின் உறைகளில் ‘சென்டெல்லா ஆசியாட்டிகா’ என்றும் ‘சிக்கா’ என்றும் அச்சிடப்படும் சாறு, தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் கீரையாகத் துவையலுக்கும் சம்பலுக்கும் அரைபடும் வல்லாரையின் சாறே ஆகும். நினைவாற்றலை வளர்க்கும் மூலிகை என்று தமிழர் நெடுங்காலமாகப் போற்றிவந்த இக்கீரை, உலகச் சந்தையில் முகத்தின் சிவப்பைத் தணிக்கும் பூச்சாக அறியப்படுவதற்கு இடையில் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட மருத்துவ வரலாறு உள்ளது. அது வெற்றியில் தொடங்கிய வரலாறன்று. தொழுநோயைத் தீர்க்கும் என்ற நம்பிக்கையோடு பத்தொன்பதாம் நூற்றாண்டில் சோதிக்கப்பட்ட வல்லாரை அந்நோயைத் தீர்க்கவில்லை; ஆனால் புண்ணை ஆற்ற அது உதவுகிறது என்ற சிறிய அவதானிப்பு மருத்துவ ஏடுகளில் தங்கி நின்று, பின்னாளில் களிம்பாகவும் அதன் பின் ஒப்பனைப் பொருளாகவும் வளர்ந்தது.

வல்லாரை, கொத்தமல்லியும் சீரகமும் சேர்ந்த ஏப்பியேசி என்னும் தாவரக் குடும்பத்தைச் சார்ந்த படர்கொடி. வாய்க்கால் ஓரங்களிலும் வயல் வரப்புகளிலும் ஈரம் நிற்கும் நிழலிடங்களிலும் தரையோடு ஓடி, கணுவுக்குக் கணு வேர்விட்டு, ஒவ்வொரு கணுவிலிருந்தும் நீண்ட காம்பின் நுனியில் சிறுநீரக வடிவ இலையைத் தாங்கி நிற்கும். இலையின் விளிம்பு மழுங்கிய பற்களாக வெட்டுண்டிருக்கும். இந்த இலையைக் கண்டவர்கள் தத்தம் நாட்டு வழக்கில் அதற்குப் பெயரிட்டனர். சமஸ்கிருத மருத்துவ நூல்கள் தவளையோடு இணைத்து ‘மண்டூகபர்ணி’ என்றன. ஆங்கிலேயர் காசைப் போன்ற வட்டத்தைக் கண்டு பென்னிவொர்ட் என்றனர். சிங்களத்தில் அது கொட்டுகொல, மலாய் மொழியில் பெகாகா, மடகாஸ்கரில் தலபெட்ராகா. வடஇந்தியாவின் சில பகுதிகளில் இதையே ‘பிராமி’ என்றும் அழைப்பதால், தமிழில் நீர்ப்பிரமி எனப்படும் முற்றிலும் வேறான செடியோடு இது குழப்பப்படுவதும் உண்டு.

தென்னிந்திய, இலங்கைப் பழக்கத்தில் வல்லாரை முதன்மையாக உண்ணும் பொருளாகவே இருந்துவந்துள்ளது. யாழ்ப்பாணத்தில் இலையைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சைமிளகாய் ஆகியவற்றோடு பிசைந்து, எலுமிச்சம்புளி விட்டுச் சம்பலாக்குவர். பல கீரைகளின் சாறு சேர்த்துக் காய்ச்சும் இலைக்கஞ்சியிலும் அது இடம்பெறும். வல்லாரை உண்டவரோடு மல்லாட வேண்டாம் என்று பழமொழி எச்சரிப்பது, இக்கீரை அறிவுக்கு மட்டுமன்றி உடல் வலிமைக்கும் உரியதாகக் கருதப்பட்டதைக் காட்டுகிறது. சித்த, ஆயுர்வேத மரபுகளில் தோல் நோய்களுக்கும் புண்களுக்கும் இது பயன்பட்டது. எனினும் அங்கு அது உட்கொள்ளும் மருந்துகளில் ஒன்றாகவும் இலையை அரைத்துக் கட்டும் பற்றாகவும் இருந்ததேயன்றி, மஞ்சளையும் சந்தனத்தையும் போல் முகப்பொலிவுக்கு அன்றாடம் பூசும் பொருளாக இருக்கவில்லை.

ஐரோப்பியர் இச்செடியை முதலில் நூலேற்றியது தாவரவியல் ஆர்வத்தால்தான். கொச்சியிலிருந்து மலபாரை ஆண்ட டச்சு ஆளுநர் ஹென்ட்ரிக் வான் ரீட், உள்ளூர் வைத்தியர்களின் துணையோடு தொகுத்து ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்ட ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ நூலில் அது ‘கொடகம்’ என்ற மலையாளப் பெயருடன் படமாக இடம்பெற்றது. அம்போன் தீவில் வாழ்ந்த ரம்ஃபியஸ் இலையின் வடிவை எண்ணி அதற்குக் குதிரைக் குளம்பு எனப் பொருள்படும் இலத்தீன் பெயரைக் கொடுத்தார். 1753-இல் லின்னேயஸ் அதை ஹைட்ரோகோட்டைல் ஆசியாட்டிகா என வகைப்படுத்தினார். 1879-இல் இக்னாட்ஸ் உர்பன் சென்டெல்லா என்ற பேரினத்துக்கு மாற்றியபின் இன்றைய அறிவியல் பெயர் நிலைபெற்றது. ஆகையால் பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவ ஏடுகளில் வல்லாரையைத் தேடுபவர் ஹைட்ரோகோட்டைல் என்ற சொல்லின் கீழேயே தேட வேண்டும்.

அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொழுநோய்க்குக் காரணம் இன்னதென்று எவருக்கும் தெரியாது. நார்வே மருத்துவர் அர்மவர் ஹான்சன் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்தது 1873-இல்தான். அதற்கு முன், குடியேற்ற நாடுகளில் பணியாற்றிய மருத்துவர்கள் உள்ளூர் மூலிகை ஒவ்வொன்றையும் இந்நோய்க்கு எதிராக முயன்று பார்த்தனர். மொரீஷியஸ் தீவின் மருத்துவர் புவாலோ, அங்கு ‘பெவிலாக்வா’ என வழங்கிய இச்செடி தொழுநோய்க்கு நன்மை செய்கிறது என்று 1852-இல் எடுத்துரைத்தார். நோயைத் தீர்க்க ஒரு செடி கிடைத்துவிட்டது என்ற செய்தி இந்தியப் பெருங்கடலின் கரைகளில் விரைவாகப் பரவியது. அச்செடியோ சென்னையிலும் புதுச்சேரியிலும் வாய்க்கால் ஓரத்திலேயே மண்டிக் கிடந்தது.

1855-ஆம் ஆண்டில் இவ்விரு நகரங்களிலும் வல்லாரை தனித்தனியே ஆராயப்பட்டது. சென்னைத் தொழுநோய் மருத்துவமனையில் டாக்டர் ஹண்டர் அதை நோயாளிகளுக்கு விரிவாகக் கொடுத்துப் பார்த்தார். அவர் வந்தடைந்த முடிவு புவாலோவின் நம்பிக்கையைத் தாங்கவில்லை: தொழுநோயை வேரறுக்கும் தனி ஆற்றல் இச்செடிக்கு இல்லை, ஆனால் நோயின் குறிகளைத் தணிப்பதிலும் உடல்நிலையைத் தேற்றுவதிலும் அது பயன்படுகிறது. ஒரு மருந்து முதன்மை நோக்கத்தில் தோற்றதையும், எதிர்பாராத வேறொரு பயனில் தேறியதையும் ஒருசேரப் பதிவுசெய்த இம்முடிவே வல்லாரையின் பிற்காலத்தைத் தீர்மானித்தது எனலாம்.

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் அதே ஆண்டு நிகழ்ந்தது வேதியியல் முயற்சி. அங்கு மருந்தாளுநராக இருந்த ழூல் லெப்பின், உலர்ந்த செடியிலிருந்து எண்ணெய் போன்ற, ஆவியாகாத ஒரு நீர்மத்தைப் பிரித்தார். பச்சை வல்லாரையின் மணமும் சுவையும் அதில் இருந்தன. சாராயத்திலும் ஈதரிலும் அது கரைந்தது. உலர்செடியின் எடையில் 0.8 முதல் 1 விழுக்காடு வரை அது கிடைத்தது. செடியின் ஆற்றல் முழுவதும் இந்நீர்மத்திலேயே அடங்கியிருக்கிறது எனக் கருதிய லெப்பின், அதற்கு இலத்தீன் பெயரைத் தேடாமல், தம்மைச் சுற்றியிருந்தோர் வழங்கிய வல்லாரை என்ற தமிழ்ச் சொல்லையே எடுத்து ‘வெல்லாரின்’ என்று பெயரிட்டார். பொருளின் பெயரோடு ‘இன்’ என்ற ஈறு சேர்த்து அதன் வீரியக் கூற்றைக் குறிப்பது அக்கால வேதியியல் மரபு. குவினைன் என்ற பெயர் உருவானதும் அவ்வாறே. ஆக, வல்லாரையிலிருந்து பிரித்ததாகச் சொல்லப்பட்ட முதல் வேதிப்பொருளின் பெயர் தமிழிலிருந்து பிறந்தது.

பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், எட்வர்ட் ஜான் வேரிங் தொகுத்து 1868-இல் வெளிவந்த ‘இந்திய மருந்துக் கோவை’ வல்லாரையை அரசு ஏற்ற மருந்துகளின் வரிசையில் சேர்த்தது. மருந்துக் கோவை என்பது எந்தெந்தப் பொருள் மருந்தாகும், அதை எவ்வாறு ஆக்க வேண்டும், எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று மருத்துவர்க்கும் மருந்தாளுநர்க்கும் வரையறுக்கும் அதிகார நூல். இந்நூல் இலைப்பொடி, இலைப்பற்று என இரண்டு ஆக்கங்களைத் தந்தது. தொழுநோய் சாராத ஆறாப் புண்களுக்கும் தோல் நோய்களுக்கும் உள்ளே கொடுக்கவும் மேலே இடவும் இது ஏற்றது என்றது. இலையைப் பாயில் மெல்லிதாகப் பரப்பி நிழற்காற்றில் மட்டுமே உலர்த்த வேண்டும், வெயிலும் நெருப்பும் அதன் ஆற்றலைக் கெடுக்கும், பொடித்தபின் இறுக மூடிய புட்டியில் வைக்க வேண்டும் என்று அக்கால மருத்துவர்கள் வற்புறுத்தினர். கீரையை நிழலில் உலர்த்தும் தென்னாட்டு வைத்தியர் வழக்கமும் இதுவே. மறு ஆண்டு, சென்னைத் திருவல்லிக்கேணி மருந்தகத்தின் மருத்துவர் மொய்தீன் ஷெரீப் அக்கோவைக்கு எழுதிய துணைநூல், இந்திய மொழிகள் பலவற்றிலும் மூலிகைகளின் பெயர்களைச் சரிபார்த்துத் தந்து, கடைவீதியில் தவறான சரக்கை வாங்கிவிடும் இடரைக் குறைத்தது. பிரான்சின் மருந்துக் கோவை 1884-இல் இச்செடியை ஏற்றது.

ஆனால் வெல்லாரின் நிலைக்கவில்லை. மருந்துச் சரக்குகளின் வரலாற்றையும் வேதியியலையும் நுணுகி ஆராய்ந்த ஃப்ளூக்கிகரும் ஹான்பரியும் உலர்ந்த வல்லாரை ஒரு பவுண்டை எடுத்து, சாராயத்தில் ஊறவைத்துச் சாற்றை வடித்துப் பார்த்தனர். அவர்களுக்குக் கிடைத்தது வெந்நீரில் பெரும்பாலும் கரைந்துவிடும் பச்சைநிறச் சாறு. அதில் இரும்பு உப்பைச் சேர்த்தபோது துவர்ப்புப் பொருள் இருப்பதைக் காட்டும் வீழ்படிவு திரண்டது. லெப்பின் விவரித்த எண்ணெய் தென்படவில்லை. வெல்லாரினை அறியப்பட்ட எந்த வேதி வகுப்பிலும் சேர்க்க இயலவில்லை என்று அவர்கள் எழுதினர். தமிழ்ப் பெயர் தாங்கிய அப்பொருள் மெல்ல மெல்ல ஏடுகளிலிருந்து மறைந்தது. அதன் இடத்துக்கு வேறு பெயர்கள் வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அப்பெயர்கள் மடகாஸ்கரிலிருந்து வந்தன. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அத்தீவில் வளர்ந்த செடியிலிருந்து 1941-இல் போந்தாம் என்ற மருந்தியலாளர் படிகமாகத் திரளும் தூய பொருள் ஒன்றைப் பிரித்து, ‘ஆசியாட்டிகோசைடு’ எனப் பெயரிட்டார். தாவரவியலாளர் பியேர் புவாத்தோவும், மலகாசிய மருத்துவரும் உயிர்வேதியியலாளருமான ஆல்பர்ட் ராக்கோட்டோ ராட்சிமமாங்காவும் அதன் மருத்துவப் பயனை ஆராயும் பணியை முன்னெடுத்தனர். மொரீஷியஸின் புவாலோவும் மடகாஸ்கரின் புவாத்தோவும் ஏறக்குறைய நூறாண்டு இடைவெளியில் ஒரே செடியை ஒரே நோய்க்கு முயன்றவர்கள் என்பதால், இருவரையும் ஒருவராகக் குழப்பிவிடுவது எளிது. தொழுநோய்க் கிருமியைப் போர்த்திருக்கும் மெழுகு உறையை ஆசியாட்டிகோசைடு கரைத்து, கிருமியை வலுவிழக்கச் செய்யும் என்பது புவாத்தோவின் எதிர்பார்ப்பு. புவாத்தோ, பியூசாஸ், லெடெரர், பொலோன்ஸ்கி ஆகியோர் இப்பொருளின் வழிவந்த சேர்மங்களைப் பற்றி 1949-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினர்.

இம்முறையும் தொழுநோய் வல்லாரைக்கு வசப்படவில்லை. 1940-களில் சல்போன் வகை மருந்துகள் வந்து, அவற்றுள் டாப்சோன் மலிவாகவும் உறுதியாகவும் கிருமியை அடக்கிய பிறகு, மூலிகைச் சாற்றுக்கு அந்நோயில் இடமில்லாது போயிற்று. ஆனால் சென்னையில் 1855-இல் நேர்ந்தது போலவே மடகாஸ்கரிலும் எதிர்பாராத வேறொரு பயன் மருத்துவரின் கண்ணில் பட்டது: புண் ஆறியது. புவாத்தோவும் ராட்சிமமாங்காவும் 1956-இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் புண்ணாற்றும் பயனை முன்னிறுத்தியது. அவ்வழியே உருவான களிம்புக்கும் மாத்திரைக்கும், மடகாஸ்கரைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து ‘மடெகாசால்’ என்ற வணிகப் பெயர் அமைந்தது. தொழுநோய் என்ற சொல் மருந்தின் அடையாளத்திலிருந்து கழன்றது. தீப்புண், அறுவைக் காயம், ஆறாத கால்புண், தடித்த வடு ஆகியவை அதன் களமாயின.

இக்களிம்புக்கு மூலமான இலையின் வீரியக் கூறுகள் இன்று முதன்மையாக நான்கு சேர்மங்களாக அறியப்படுகின்றன. ஆசியாட்டிகோசைடும் மடெகாசோசைடும் டிரைடெர்பீன் சபோனின்கள், அதாவது முப்பது கார்பன் அணுக்கள் கொண்ட எலும்புக்கூட்டோடு சர்க்கரை மூலக்கூறுகள் பிணைந்தவை. இரண்டிலும் இரு குளுக்கோசும் ஒரு ராம்னோசும் தொங்குகின்றன. முன்னதன் வாய்பாட்டில் பத்தொன்பது ஆக்சிஜன் அணுக்கள், பின்னதில் இருபது. இரண்டுக்கும் வேறுபாடு அந்த ஓர் அணுதான். சர்க்கரைகள் கழன்றால் மிஞ்சுபவை ஆசியாட்டிக் அமிலமும் மடெகாசிக் அமிலமும். இலையில் இவற்றின் அளவு நிலத்துக்கு நிலமும் பருவத்துக்குப் பருவமும் மாறுமாதலால், மருந்து உற்பத்தியாளர் அளவு திட்டப்படுத்திய சாற்றை உருவாக்கினர். அதில் ஏறக்குறைய 40 விழுக்காடு ஆசியாட்டிகோசைடும், எஞ்சியவற்றில் இரு அமிலங்கள் ஏறத்தாழச் சமமாகவும் இருக்கும். வெல்லாரின் தோற்ற இடத்தில் இச்சாறு வென்றதற்குக் காரணம் இந்த அளவுறுதியே: எவர் எங்கு செய்தாலும் ஒரே பொருள் கிடைக்கும் என்ற நிலை ஏற்பட்ட பின்னரே ஒரு மருந்தின் பயனை ஒப்பிட்டுச் சோதிக்க முடியும்.

புண் ஆறுவது எவ்வாறு என்று நோக்கினால் சாற்றின் வேலையும் விளங்கும். காயம் பட்ட இடத்தில் முதலில் குருதி உறைந்து, பின் வீக்கமும் சிவப்பும் தோன்றி, அதன் பின் ஃபைப்ரோபிளாஸ்ட் எனப்படும் உயிரணுக்கள் வந்து கொலாஜன் என்னும் புரத நாரைப் பின்னி வெற்றிடத்தை நிரப்புகின்றன. மேல்தோல் அந்த நிரப்பின் மீது படர்ந்து மூடுகிறது. பிரான்சில் மக்கார் குழுவினர் 1990-இல் வெளியிட்ட ஆய்வு, வளர்ப்பு ஊடகத்தில் வைத்த ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் இச்சேர்மங்களின் முன்னிலையில் கொலாஜனைக் கூடுதலாக உருவாக்குவதைக் காட்டியது. மடெகாசோசைடு வீக்கத்தைத் தூண்டும் வேதிச் செய்திகளைத் தணிப்பதும் ஆய்வகங்களில் காணப்பட்டுள்ளது. உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட மூலிகைக் கட்டுரைத் தொகுப்பின் முதல் தொகுதி, காயம், தீப்புண், புண்ணுற்ற தோல் ஆகியவற்றுக்கும் தடித்த வடு உருவாவதைத் தடுக்கவும் வல்லாரையின் பயன் மருத்துவச் சோதனைச் சான்றுடையது எனக் குறித்தது.

மருந்துக் கடையிலிருந்து ஒப்பனைக் கடைக்கு வல்லாரை நகர்ந்ததில் கொரியாவின் பங்கு பெரிது. மடெகாசால் களிம்பு அந்நாட்டில் 1970-இலிருந்து விற்பனையாகி, பிள்ளைகளின் முழங்கால் சிராய்ப்புக்கு வீட்டில் எப்போதும் இருக்கும் குழாயாக நிலைபெற்றது. அறுவைக்கும் லேசர் சிகிச்சைக்கும் பின் சிவந்த தோலைத் தணிக்கும் பூச்சுகளில் பழகியிருந்த அப்பொருளை, ஒப்பனை உற்பத்தியாளர்கள் அன்றாட முகப்பூச்சாக மாற்றினர். வடுவைக் குறிக்கும் ‘சிகாத்ரீஸ்’ என்ற பிரெஞ்சுச் சொல்லின் முதற்பகுதியான ‘சிக்கா’, 2010-களில் ஒரு பொருள்வகையின் பெயராகவே ஆயிற்று. கடலுக்கு அப்பால் மடகாஸ்கரின் ஈரநிலங்களில் கையால் பறித்து உலர்த்தப்படும் இலை, மூட்டைகளாகக் கப்பலேறி இத்தொழிலுக்கு ஊட்டமளிக்கிறது.

ஆறிய தோலில் பூசும் பூச்சு ஆறாத புண்ணில் பூசும் களிம்பின் பயனை அப்படியே தரும் என்று கொள்ளலாகாது. வெயிலால் முதிர்ந்த தோலில் 5 விழுக்காடு வைட்டமின் சி-யும் 0.1 விழுக்காடு மடெகாசோசைடும் சேர்த்து ஆறு மாதம் பூசிய ஆய்வொன்று 2008-இல் சுருக்கமும் தளர்வும் குறைந்ததைக் காட்டியது. ஆனால் அங்கு நற்பயன் இரு பொருள்களின் கூட்டுக்கு உரியது, வல்லாரைக்கு மட்டும் உரியதன்று. மேலும், உறையில் வல்லாரைச் சாறு என்று எழுதப்படுவது தூய்மையாக்கிய நான்கு சேர்மங்களாகவும் இருக்கலாம், இலையை நீரில் ஊறவைத்து வடித்த மெல்லிய வடிநீராகவும் இருக்கலாம். ஃப்ளூக்கிகரும் ஹான்பரியும் கண்ட பச்சைச் சாற்றுக்கும் போந்தாமின் படிகத்துக்கும் உள்ள இடைவெளி இன்றும் கடை அலமாரியில் அப்படியே நீடிக்கிறது. அரிதாகச் சிலருக்கு இச்சாறு தொட்ட இடத்தில் ஒவ்வாமைச் சொறியை உண்டாக்குவதும் பதிவாகியுள்ளது.

ஒப்பனை விளம்பரங்கள் இச்செடியைப் ‘புலிப்புல்’ என அழைத்து, காயம்பட்ட புலிகள் இதன் மீது புரண்டு புண்ணை ஆற்றிக்கொண்டன என்ற கதையை அதன் தோற்றமாகச் சொல்கின்றன. ஏட்டிலுள்ள தோற்றம் வேறு. புண்ணோடு இருந்தவர்கள் சென்னையிலும் மடகாஸ்கரிலும் ஊருக்கு ஒதுங்கிய விடுதிகளில் வைக்கப்பட்ட தொழுநோயர்கள். நோய் தீரும் என்று சொல்லிக் கொடுத்த மருந்தை உண்டும் பூசியும், நோய் தீராமல், நோய்க்குறிகளிலும் புண்ணிலும் மட்டும் சிறு ஆறுதல் கண்டவர்கள். அவர்களின் பெயர்கள் இவ்வரலாற்றில் இடம்பெறவில்லை. புதுச்சேரி மருந்தாளுநர் தமிழிலிருந்து எடுத்த பெயரும் வழக்கொழிந்தது. இரண்டும் மறைந்த பின் காலியாகக் கிடந்த இடத்தில்தான் புலி வந்து படுத்துக்கொண்டது.